பல பேர் பார்வையில் கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாக எழுத வருகிறவர்களின் பிரதிகளில் தகப்பன், மகன், பக்கத்து வீட்டு மாமி என்று மூன்று நாலு பேர் சேர்ந்து கதை சொல்வதை அடிக்கடி காணலாம். நல்ல ஆசைதான். ஆனால் ஆள் மாறினாலும் சறுக்கும் இடம் மாறுவதில்லை. எழுத்துப்பிழை, பாத்திரத்தின் பெயர் மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுவோம். திருத்தும்போது அவை தாமாகவே கண்ணில் படும்.

ஒரு காட்சிக்குள் இரண்டு மனங்கள்

கதையையே கெடுப்பது இதுதான். நிலாவெளிக் கரை. கட்டாருக்குப் போகச் செல்வன் முடிவெடுத்துவிட்டான், வீட்டில் சொல்லவில்லை. வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

“வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவைச் செல்வன் பார்த்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நெஞ்சு படபடத்தது. மகன் பாஸ்போட் எடுத்தது சண்முகத்துக்குப் போன கிழமையே தெரியும். அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.”

முதல் இரண்டு வசனமும் மகனுடையவை, அடுத்த இரண்டும் தகப்பனுடையவை. சொல்வானா, சொன்னால் என்ன நடக்கும் என்ற தவிப்பு மூன்றாவது வசனத்திலேயே செத்துப்போகிறது. ‘அப்பா’ எப்போது ‘சண்முகம்’ ஆனார் என்பதையும் கவனியுங்கள். தமிழில் முறைப்பெயரே பார்ப்பவர் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். ‘அப்பா வந்தார்’ என்றால் பிள்ளை பார்க்கிறது. ‘இவர் வந்தார்’ என்றால் மனைவி. ‘வள்ளம் வந்தது’ என்பவர் கரையில் நிற்கிறார், ‘போனது’ என்றாலும் கரையில்தான். வள்ளத்துக்குள் இருப்பவருக்குக் கரைதான் விலகும்.

மகனின் மனதை விட்டு வெளியே போகாமல் எழுதினால்:

“அப்பா தலை நிமிரவில்லை. முடிச்சை இறுக்கி, மிஞ்சிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ‘பாஸ்போட் கைக்கு வந்திட்டுதோ?’ என்றார்.”

தகப்பனுக்குத் தெரியும் என்பது செல்வனுக்கும் வாசகருக்கும் ஒரே நொடியில் தெரியவருகிறது. அந்த அதிர்ச்சியைத்தான் முந்திய பிரதி வீணாக்கியது.

நாவலில் சேதம் இன்னும் பெரிது. 10ஆம் பக்கத்தில் சண்முகத்தின் மனதைத் திறந்துவிட்டு, வள்ளத்தை விற்க அவர் அப்போதே முற்பணம் வாங்கியிருந்தார் என்று 150ஆம் பக்கத்தில் சொன்னால், “அன்றைக்கு மனதுக்குள் போனோமே, அங்கே இது இருக்கவில்லையே” என்று வாசகர் கேட்பார். இதை ஒரு வசனத்தால் சரிக்கட்ட முடியாது. அவர் வரும் காட்சிகள் அத்தனையையும் மீண்டும் எழுதவேண்டும்.

இதைச் சுட்டிக்காட்டினால், “பெரிய எழுத்தாளர்களும் செய்கிறார்களே” என்பார்கள். எரிச்சலூட்டும் பதில் இது. எல்லாம் அறிந்த கதைசொல்லி வேறு. அந்தக் குரல் முதல் பந்தியிலேயே தன்னைக் காட்டி, கடைசிவரை மாறாமல் நிற்கும். நடுவழியில் கைதவறி அடுத்தவர் மனதுக்குள் விழுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கண்டுபிடிக்க வழி: ஆளுக்கொரு நிறப் பென்சில் எடுங்கள். நினைப்பு, உணர்வு, தெரிந்திருத்தல் சொல்லும் வசனங்களுக்கு மட்டும் அவரவர் நிறத்தில் கோடிடுங்கள். ஒரு காட்சியில் இரண்டு நிறம் வந்தால், குறைவாக உள்ளதைச் செயலாகவோ பேச்சாகவோ மாற்றுங்கள். அது முடியாவிட்டால் காட்சியை இரண்டாகப் பிரியுங்கள்.

தேவைக்கு மேல் ஆட்கள்

சிறுகதைக்கு ஒருவர் போதும். நாவலில் ஒருவரை எடுத்துவிட்டும் கதை குறையவில்லை என்றால் அவர் வேண்டாம்.

நிற்கும் இடத்தையும் காலத்தையும் மறப்பது

கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளியில் நிற்பவருக்குச் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. இருந்தும் மாலைக் காட்சிகளில் அது கடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முந்திய பாட்டியின் அத்தியாயத்தில் அவர் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டும், பேத்தியின் நினைவு பாட்டியின் கண்ணுக்குள் கலந்துவிடக்கூடாது. காட்சி வாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யார் பார்க்கிறார், எங்கே நிற்கிறார், எந்த ஆண்டு, அவருக்கு இதுவரை என்ன தெரியும்.

ஒரே சம்பவம் மூன்று தடவை

முதல் ஆள் சொன்னதை இரண்டாம் ஆள் புரட்டாவிட்டால் வெட்டுங்கள்.

தலைப்பில் பெயர் போட்டால் போதும் என்பது

போதாது. பெயரைக் கையால் மறைத்துவிட்டு முதல் பந்தியை வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். மாமி பேசுகிறாரா, செல்வன் பேசுகிறானா என்று அவர் தடுமாறினால் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுங்கள்.