ஸ்கூல் விட்டு வந்த பிறகு: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசையாக

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தாலே "இவனை எப்படி உட்கார வைக்கிறது" என்று திணறும் பெற்றோருக்கான குறிப்பு இது. பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நாலாம் வகுப்போடு நின்ற ஆயாகூட இதில் பாதியைச் செய்துவிடலாம். என் கட்சி ஒன்றுதான்: வீட்டில் இன்னொரு பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள். வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் டீச்சரால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார முடியாது. உங்களால் முடியும். கீழே இருக்கும் எல்லாமே அதை நம்பித்தான்.

1. முதலில் வயிறு, அப்புறம் ஆட்டம்

பையை இறக்கியதும் டைரியைக் கேட்காதீர்கள். சுண்டல், வாழைப்பழம், கடலை உருண்டை, சீசனில் பண்ருட்டிப் பலாச்சுளை என்று ஏதாவது கொடுங்கள். பிறகு இருட்டும் வரை விளையாடட்டும். 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம் பக்கம் வீடு என்றால் கவலையில்லை. தெருவில் வண்டி ஓயாது என்றால் மொட்டை மாடி. சில்வர் பீச் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும், மணலோடு சரி, அலைப் பக்கம் விடாதீர்கள்.

2. கேள்வியை மாற்றுங்கள்

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யார்கூட சாப்பிட்ட?", "யாரு திட்டு வாங்கினா?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும். நடுவில் புத்தி சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

3. ஒரே இடம், ஒரே நேரம்

ஆறரை மணி, டி.வி. அணைந்திருக்க வேண்டும், கொசுவுக்கு ஃபேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம், நாலு, ஐந்துக்கு 40 நிமிடம். இது என் கணக்கு, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புக்கு டியூஷன் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

4. சத்தமாக வாசிக்க வைத்துக் கேளுங்கள்

இந்த வரிசையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுப்படியிலிருந்து "ம்... படி, படி" என்று குரல் கொடுப்பது கணக்கில் சேராது.

நிறையப் பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பது போலத் தெரியும், ஆனால் அது மனப்பாடமாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்து அந்த இடத்தில் நின்றால், எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

அதற்காக 247 எழுத்தையும் அ-விலிருந்து ஒப்பிக்க வைக்க வேண்டாம். தடுக்கி விழுவது பெரும்பாலும் சில இடங்களில்தான். ஒன்று, துணைக்கால். பிள்ளையின் கண்ணுக்கு அந்தக் காலும் 'ர'வும் ஒன்றுதான், அதனால் 'பாடம்' என்பது 'பரடம்' ஆகிவிடும். இன்னொன்று கொம்பு. 'கொடி' என்ற சொல்லில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. பிள்ளை வரிசையாகப் போய் 'கெ... ர... டி' என்று நிற்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். க, ப, ம, டி என்று ஒவ்வொன்றில் ஒன்று. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றும் தனித்தனித் துண்டில். 'க'வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பை வைத்தால் கெ. பின்னால் காலைச் சேர்த்தால் கொ. கொம்பை மட்டும் மாற்றினால் கோ. பக்கத்தில் 'டி' வைத்தால் கொடி, கோடி. 'க'வை எடுத்துவிட்டு 'ப'வை வைத்தால் பொடி. அப்புறம் 'போடி' வரும், பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும், அந்த எழுத்து இனி மறக்காது.

வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லை என்றால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். ல, ள, ழ உச்சரிப்புக்காக ஒவ்வொரு வரியிலும் நிறுத்த வேண்டாம். நம் பக்கம் பெரியவர்களே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம்!

பாடப் புத்தகம் சலித்துவிட்டால், அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் என்றால் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம்.

5. கணக்குக்குப் பர்ஸை எடுங்கள்

நூற்று ஐந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை முட்டாள் இல்லை. நூறையும் எழுதி ஐந்தையும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஐந்து ஒரு ரூபாய் காசும் தரையில் வையுங்கள். "பத்து ரூபாய் நோட்டு எத்தனை?" "ஒண்ணும் இல்ல." "அப்போ அந்த இடத்துல 0 போடு."

அடுத்தது, 52-இல் 27 போனால் 35 என்று எழுதுவது. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு காசும் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று கையை நீட்டுங்கள். ஏழு காசு இல்லாமல் முழிக்கும். மளிகைக் கடை அண்ணன் என்ன செய்வார்? சில்லறை மாற்றுவார். ஒரு பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பத்துக் காசு கொடுங்கள். இப்போது நாலு நோட்டு, பன்னிரண்டு காசு. ஏழு காசு போனால் ஐந்து, இரண்டு நோட்டு போனால் இரண்டு. மிச்சம் 25. பாடத்தில் வரும் 'கடன் வாங்கிக் கழித்தல்' இதுதான் என்று பிறகு நோட்டில் காட்டுங்கள். வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டும்தான், ஆனால் இதெல்லாம் புரிந்த பிறகு.

6. வீட்டுப்பாடம் பிள்ளையுடையது

பிரௌசிங் சென்டரில் படம் எடுத்து அம்மா வெட்டி அப்பா ஒட்டிய ப்ராஜெக்ட் யாருக்கு மார்க் வாங்கித் தருகிறது? கோணல் எழுத்தோடு போகட்டும். புரியாத கணக்கை நீங்கள் போட்டுக் கொடுப்பதைவிட, "முயற்சி செய்தான், புரியவில்லை" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புவது நல்லது. எங்கே நிற்கிறான் என்று டீச்சருக்கும் தெரியும்.

7. மழை லீவு

நவம்பர், டிசம்பரில் "கலெக்டர் லீவு விட்டுட்டாரா?" என்று போனைப் பார்ப்பது நமக்குப் பழக்கம். பிள்ளைக்கு அது கொண்டாட்டம், சில பிள்ளைகளுக்குப் பயமும்கூட. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் என்று பெரியவர்கள் பேசுவதை எல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். செய்தி சேனலை நாள் முழுக்க ஓட விடாதீர்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால், எண் 1 முதல் 11 வரை உண்டு, 1 என்றால் புயல் இன்னும் கடலில் தூரத்தில் என்று விளக்குங்கள். தண்ணீர் வந்தால் யார் வீட்டுக்குப் போவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் ஒரு வேலையும் கொடுங்கள்: டார்ச்சைப் பார்த்துக்கொள்வது, புத்தகங்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் ஏற்றக் கொடுப்பது. அப்படியும் நனைந்துவிட்டால், பாடப் புத்தகங்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

8. தூக்கம்

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் ராத்திரி ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். போன் படுக்கைக்கு வரக் கூடாது, உங்கள் போனும்தான்.

9. மனசும் உடம்பும்

திங்கள்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, ஒரு ஆளைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வது: இவற்றை நடிப்பு என்று தள்ளாதீர்கள். திட்டாமல், தனியாக, மெதுவாகக் கேளுங்கள். பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநலம் பற்றிக் கேட்க 14416. டி.வி.யை ஒட்டி நின்று பார்த்தால் முதலில் கண் பரிசோதனை. எட்டு வயதுக்குப் பிறகும், எவ்வளவு பழக்கியும் எழுத்துகள் குழம்பினால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி அடிப்பது கொடுமை.

10. டீச்சரிடம் என்ன கேட்பது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரேங்க் என்ன என்று கேட்காமல், தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கும் சித்தி மகனோடு ஒப்பிடவும் வேண்டாம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், புத்தகமே வேறு. பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அதனால் போவதற்கு முன்பே, எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்தக் கணக்கில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதத்துக்குள் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்வதை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.