நாளைக்கு அக்கவுண்ட் லாக் ஆனா கைல என்ன மிஞ்சும்? பெரிய டெக் கம்பெனிகள நம்பி இருக்கறத கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறது எப்படி

எங்க மாமா ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி பழைய சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டார், புது நம்பர் தான் வாங்கியாச்சே இது எதுக்குன்னு. அப்புறம் அந்த நம்பரே போயிடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு போன் மாத்தினார், மெயில் கணக்குல உள்ள போகணும்னா ஓடிபி கேக்குது, ஓடிபி போறது கைவிட்டுப் போன அந்த பழைய நம்பருக்கு. பாஸ்வேர்ட் அவருக்கு மனப்பாடம், ஆனாலும் உள்ள விடல. போன் போட்டு பேச ஆளே கிடையாது, ஒரு ஃபார்ம் தான், அதுக்கு பதில் போடறதும் மெஷின் தான். பொண்ணோட காதுகுத்து போட்டோ, தாத்தா பேசின கடைசி வீடியோ, இன்ஷூரன்ஸ் ரசீது எல்லாம் அதுக்குள்ளயே போச்சு. அவர் ஒரு தப்பும் பண்ணல.

அன்னைலேர்ந்து எனக்கு ஒரே கேள்வி தான், நாளைக்கு காலைல கதவ சாத்திட்டாங்கன்னா நம்ம கைல என்ன மிஞ்சும்? நம்ம டேட்டாவ எடுத்து விளம்பரத்துக்கு பயன்படுத்தறாங்கன்னு எல்லாரும் பேசறாங்க, அதுவும் சரிதான், ஆனா எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாம தவிக்கறவங்களுக்கு இந்த கேள்வி தான் வழி காட்டும். எது போனா ரொம்ப வலிக்குமோ அத முதல்ல பாருங்க. இது தனி ஆளுக்கு மட்டும் வர்ற பிரச்சனையும் இல்ல, 2025 ஜூலைல நயாரா எனர்ஜின்னு குஜராத்ல பெரிய ரீஃபைனரி வச்சிருக்கற கம்பெனி, ரஷ்யாவோட ரோஸ்நெஃப்ட்டுக்கு அதுல பங்கு இருக்கறதால ஐரோப்பிய யூனியன் தடை போட்டுச்சு, உடனே மைக்ரோசாஃப்ட் அவங்க மெயில் சேவைய நிறுத்திடுச்சு, காசு கட்டி லைசென்ஸ் வாங்கினவங்களுக்கே இந்த கதி. டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டப்புறம் தான் திரும்ப வந்துச்சு. நம்மால கோர்ட்டுக்கெல்லாம் போக முடியுமா?

சரி, வேலைக்கு வருவோம். இந்த ஞாயித்துக்கிழமையே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, இதுக்கு எதையும் விட்டு வெளிய வர வேண்டாம், எந்த ஆப்பையும் டெலீட் பண்ண வேண்டாம். கூகுள்ல டேக்அவுட்னு ஒரு பக்கம் இருக்கு, தேடினாலே வரும், அதுல மெயில், போட்டோ, கான்டாக்ட், காலண்டர், டிரைவ் எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரு காப்பி கேளுங்க. கொஞ்ச நேரத்துலயோ ஒண்ணு ரெண்டு நாள்லயோ லிங்க் மெயில்ல வரும், அது ஒரு வாரம் தான் வேலை செய்யும், அதனால லீவு இருக்கற வாரமா பாத்து கேளுங்க. ஃபைல் சைஸ் எவ்வளவுன்னு கேக்கும், நம்ம நெட் அப்பப்ப கட் ஆகுதுன்னா சின்ன சைஸா வச்சுக்கறது நல்லது. இறக்கினத ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ரெண்டு மூணு ஜிப்ப திறந்து போட்டோ நிஜமாவே தெரியுதான்னு பாருங்க, இத நிறைய பேர் செய்யறதில்ல. போட்டோ எடுத்த தேதி தனியா ஒரு ஜேசான் ஃபைல்ல வரும், தேவையில்லாத குப்பைன்னு நினைச்சு அத அழிச்சிடாதீங்க, பின்னாடி வேற இடத்துல ஏத்தும்போது அது தான் உதவும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தானா காப்பி தர்ற மாதிரியும் அங்கயே செட் பண்ணலாம், ஒரு வருஷம் வரைக்கும் வரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாவுலயும் செட்டிங்ஸ்ல இதே மாதிரி காப்பி வாங்கற வசதி இருக்கு.

கையோட இன்னொண்ணு, கூகுள் கணக்கோட செக்யூரிட்டி பக்கத்துல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன ஆன் பண்ணா பேக்கப் கோட்னு பத்து தனித்தனி நம்பர் தருவாங்க, அத பேப்பர்ல எழுதி பத்திரம் வைக்கற ஃபைல்ல வச்சிடுங்க. எங்க மாமா கிட்ட இந்த ஒரு பேப்பர் இருந்திருந்தா எல்லாமே திரும்ப கிடைச்சிருக்கும். ஓடிபி எஸ்எம்எஸ்ல வர்றதுக்கு பதிலா ஈஜிஸ் மாதிரி ஒரு ஆப்ல வர்ற மாதிரி மாத்திக்கோங்க, அதோட பேக்கப்பையும் அதே ஹார்ட் டிஸ்க்ல போடுங்க. ரீசார்ஜ் பண்ணாத சிம் நம்பர் கொஞ்ச நாள்ல வேற ஆளுக்கே போயிடும், அதனால எந்தெந்த கணக்குல பழைய நம்பர் இருக்குன்னு ஒரு தடவை உக்காந்து பாத்துடுங்க.

அடுத்து மெயில், நான் ரொம்ப அழுத்தி சொல்றது இது தான். மெயில் அட்ரஸ்ங்கறது நம்ம வீட்டு விலாசம் மாதிரி, பேங்க், ஆதார், பிஎஃப், இன்கம் டேக்ஸ் எல்லாமே அங்க தான் வந்து நிக்குது. அந்த விலாசம் அடுத்தவன் பேர்ல இருந்தா வாடகை வீடு மாதிரி தான், காலி பண்ணுன்னா காலி பண்ணணும். அதனால சொந்தமா ஒரு டொமைன், அதாவது மெயில் ஐடில @ குறிக்கு அப்புறம் வர்ற பேர், வாங்குங்க. டாட் இன் டொமைன் வருஷத்துக்கு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். அத வாங்கிட்டு மெயில் சேவைய யார்கிட்ட வேணா வச்சுக்கலாம், ஸ்விஸ்ல இருக்கற ப்ரோட்டான், ஜெர்மனியோட டூட்டா, நம்ம ஊரு ஸோஹோ, யார் பிடிக்குதோ அவங்க. நாளைக்கு அவங்க விலை ஏத்தினாலோ தகராறு பண்ணாலோ டொமைன் செட்டிங்ல எம்எக்ஸ்னு ரெண்டு மூணு வரி மாத்தினா போதும், அதே அட்ரஸோட வேற ஆள் கிட்ட போயிடலாம், யாருக்கும் புது ஐடி சொல்ல வேண்டாம். ஸோஹோவும் பெரிய கம்பெனி தானேன்னு கேப்பீங்க, ஆமா தான், ஆனா டொமைன் உங்க பேர்ல இருக்கும்போது எந்த கம்பெனியா இருந்தாலும் உங்கள பிடிச்சு வைக்க முடியாது. ஒரே ஒரு ஜாக்கிரதை, டொமைன் ரினியூவல விட்டுடாதீங்க, விட்டா வேற எவனாவது வாங்கி உங்க பேருக்கு வர்ற பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் எல்லாம் அவனுக்கு போகும், ஆட்டோ ரினியூவல் போட்டு காலண்டர்லயும் எழுதி வைங்க.

பழைய ஜிமெயில உடனே மூடிடாதீங்க. புது அட்ரஸுக்கு ஃபார்வர்ட் போட்டுட்டு, ஒவ்வொரு மெயில் வரும்போதும் அது எங்கேர்ந்து வருதுன்னு பாத்து அந்த ஒரு இடத்துல மட்டும் அட்ரஸ் மாத்துங்க, ஆறு மாசத்துல முக்கியமானது எல்லாம் தானா நகர்ந்துடும். நடுவுல பழைய கணக்குல அப்பப்ப ஒரு தடவை உள்ள போயிட்டு வாங்க, ரெண்டு வருஷம் தொடாத கணக்க கூகுள் அழிக்கலாம்னு விதியே இருக்கு, 2023 டிசம்பர்லேர்ந்து அத செய்ய ஆரம்பிச்சாங்க.

இதோட சேர்ந்தது தான் அந்த கூகுள் வச்சு லாகின் பண்ணுங்கற பட்டன். டிக்கெட் புக் பண்ற ஆப், சாப்பாடு ஆப், குழந்தையோட ஸ்கூல் ஆப் வரைக்கும் அந்த ஒரே பட்டன அமுக்கி அமுக்கி உள்ள போயிருப்போம், அந்த ஒரு கணக்கு போனா மாலைல நூல் அறுந்த மாதிரி எல்லாமே போகும். கூகுள் கணக்கு செட்டிங்ஸ்ல இப்படி இணைச்ச ஆப் லிஸ்ட் இருக்கு, எனக்கு அத முதல்ல பாத்தப்ப பகீர்னு ஆச்சு, எப்பவோ ஒரு தடவை திறந்த ஆப் எல்லாம் அங்க உக்காந்திருக்கு. வேண்டாதத தூக்குங்க, வேணும்ங்கறதுல மெயில் பாஸ்வேர்ட் லாகினுக்கு மாத்துங்க. பாஸ்வேர்ட் எல்லாம் பிட்வார்டன்னு பாஸ்வேர்ட பூட்டி வைக்கற ஆப்ல போடலாம், இல்ல கீபாஸ்எக்ஸ்சி, அது முழுக்க உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். குரோம்லேர்ந்து பாஸ்வேர்ட வெளிய எடுத்து பிட்வார்டன்ல ஏத்தலாம், ஏத்தி முடிச்சதும் குரோம் கொடுத்த அந்த சிஎஸ்வி ஃபைல மறக்காம அழிங்க, அதுல எல்லா பாஸ்வேர்டும் அப்படியே பச்சையா எழுதியிருக்கும்.

போட்டோவுக்கு பல வழி இருக்கு. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 வரைக்கும் அளவே இல்லாம இலவசமா வச்சுக்கோன்னு சொல்லி பழக்கிட்டு, அப்புறம் மெயில், டிரைவ், போட்டோ மூணுக்கும் சேத்து 15 ஜிபின்னு ஆக்கிட்டாங்க, இப்ப இடம் நிறைஞ்சு போச்சு மாசம் காசு கட்டுன்னு வருது. நீங்க காசு கட்டற ஆளா இருந்தா என்டேன்னு ஒரு சேவை இருக்கு, போட்டோவ போன்லயே பூட்டிட்டு தான் ஏத்தும், அதோட கோடும் யார் வேணா படிச்சுப் பாக்கற மாதிரி திறந்த கோடு. வீட்ல எப்பவும் ஓடற ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, கொஞ்சம் டெக்னிக்கலா கை வைப்பீங்கன்னா இம்மிச் போடலாம், பாக்கறதுக்கு கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும். ரெண்டும் வேண்டாம்னா மாசத்துக்கு ஒரு தடவை கேபிள் போட்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி, அவ்வளவு தான், ஆனா ரெண்டு டிஸ்க் வைங்க, ஒண்ணு உங்க வீட்ல, இன்னொண்ணு அண்ணன் வீட்லயோ அம்மா வீட்லயோ. ஒரே டிஸ்க்க நம்பறதும் ஒரே கம்பெனிய நம்பறதும் ஒண்ணு தான்.

பிரவுசர் மாத்தறது பத்து நிமிஷ வேலை. பயர்பாக்ஸ் போட்டு விளம்பரத்த தடுக்கற யுபிளாக் ஆரிஜின் சேத்துடுங்க, ஆண்ட்ராய்ட் போன்லயும் அது வேலை செய்யும். தேடறதுக்கு கூகுளுக்கு பதிலா டக்டக்கோ வச்சுக்கோங்க. மொசில்லாவுக்கு வருமானத்துல பெரும்பங்கு கூகுள் கிட்டேர்ந்து தான் வருது, டக்டக்கோ ரிசல்ட்ல பெரும்பாலும் பிங் தான் இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சே தான் சொல்றேன், ஆனாலும் உங்க பேரோட சேத்து தேடல எழுதி வைக்காத ஒரு இடம் கிடைக்குது. தமிழ்ல தேடறதுக்கு கூகுள் இன்னும் நல்லா இருக்கு, அதுக்கு மட்டும் அங்க போங்க, தப்பில்ல.

வாட்ஸ்அப் தான் கஷ்டம், ஏன்னா அது நம்ம கைல மட்டும் இல்ல. அபார்ட்மெண்ட் குரூப், ஸ்கூல் குரூப், பால்காரர் வரைக்கும் அதுல தான். 2021ல கொண்டு வந்த பிரைவசி பாலிசிக்காக இந்திய போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு, அப்பவும் யாரும் வெளிய வரல, வர முடியல. அதனால எல்லாரையும் மாத்தணும்னு கிளம்பாதீங்க. வீட்ல நாலு பேர், நீங்க, அம்மா, அக்கா, தம்பி, அவ்வளவு பேருக்கு மட்டும் சிக்னல் போட்டு கொடுங்க, நீங்களே போன வாங்கி இன்ஸ்டால் பண்ணி குரூப் ஆரம்பிச்சு, பேரக்குழந்தை போட்டோவ அங்க மட்டும் போடுங்க, அம்மா தானா திறந்து பாப்பாங்க. சிக்னல் ஒரு லாப நோக்கம் இல்லாத அமைப்போடது, விளம்பரம் கிடையாது. டெலிகிராமுக்கு போனா போதும்னு சிலர் நினைக்கறாங்க, அதுல சாதாரண சாட் கம்பெனியே படிக்க முடியாதபடி ரெண்டு முனைலயும் பூட்டினது கிடையாது, சீக்ரட் சாட் மட்டும் தான். வாட்ஸ்அப்ப வச்சுக்கறவங்க சாட் பேக்கப் செட்டிங்ல போய் என்கிரிப்ஷன ஆன் பண்ணுங்க, அது தானா ஆன்ல இருக்காது, அந்த பாஸ்வேர்டயும் பேப்பர்ல எழுதுங்க.

பணம் அனுப்பறதுல மாத்தறது ரொம்ப ஈஸி, ஆனா யாரும் யோசிக்கறதே இல்ல. யுபிஐ யாரோட தனி சொத்தும் இல்ல, பேங்குகளோட பொது அமைப்பான என்பிசிஐ நடத்தறது, ஆனா நாட்ல நடக்கற யுபிஐ பரிமாற்றத்துல ஏறக்குறைய எண்பது சதவீதம் போன்பே, கூகுள் பே ரெண்டு ஆப்லயே ஓடுது. ஒரு ஆப்புக்கு முப்பது சதவீதம் தான்னு 2020லயே விதி கொண்டு வந்தாங்க, கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்கு போயிருக்கு. நீங்க பீம் ஆப் போட்டு அதே சிம்ம வச்சு அதே பேங்க் கணக்க இணைங்க, பழைய யுபிஐ பின்னே வேலை செய்யும், கடைக்காரர் கிட்ட இருக்கற க்யூஆர் எந்த ஆப்போடதா இருந்தாலும் ஸ்கேன் ஆகும். பழைய ஆப்ப தூக்கறதுக்கு முன்னாடி அதுல ஆட்டோபே ஏதாவது ஓடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, இஎம்ஐயோ எஸ்ஐபியோ நின்னுட கூடாது.

மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ் வச்சிருக்கேன், எல்லாரும் சேந்து வரையற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட டேட்டா, நெட் இல்லாம மலைல கூட வேலை செய்யும். டிராஃபிக் காட்டாது, சின்ன ஊர்ல தெரு விட்டுப்போயிருக்கும், ஆனா விட்டுப்போனத நாமளே சேக்கலாம், தெரு பேர் மாதிரி விவரத்துக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப்ல நடந்துக்கிட்டே கேள்விக்கு பதில் சொன்னா போதும். எங்க தெரு பேர தமிழ்ல நான் தான் ஏத்தினேன், அந்த சந்தோஷமே வேற. இந்த மாதிரி ஆப் நிறைய எஃப்-ட்ராய்ட்னு ஒரு ஸ்டோர்ல கிடைக்கும், கணக்கே வேண்டாம்.

லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, நல்லா ஓடற மெஷின தூக்கி போட்டு புதுசு வாங்கச் சொல்றாங்க. வாங்காதீங்க, விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ், அதுல மின்ட் எக்ஸ்எஃப்சிஇங்கற வகைய போட்டு பாருங்க, பென்டிரைவ்ல ஏத்தி இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், வைஃபை, சவுண்ட், பிரிண்டர் சரியா வருதான்னு தெரிஞ்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல, 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சு, மத்திய அரசோட சிடாக் நிறுவனம் சென்னைல உருவாக்கினது. தமிழ் டைப் பண்ண லினக்ஸோட ஐபஸ்ங்கற டைப்பிங் கருவில தமிழ்99 கீபோர்ட் இருக்கு. எம்எஸ் ஆபீஸுக்கு பதிலான லிப்ரே ஆபீஸ் வேர்ட் ஃபைல திறக்கும், ஆனா வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச லெட்டர் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா மாறி தெரியும், அந்த ஃபான்ட போட்டா சரியாகும், இல்ல யூனிகோடுக்கு மாத்திடுங்க. டாலி வச்சு கணக்கு எழுதறவங்க, ஜிஎஸ்டி வேலை பாக்கறவங்க விண்டோஸ அப்படியே வச்சுட்டு பக்கத்துல லினக்ஸ் போடுங்க, பிழைப்புல கை வைக்க வேண்டாம்.

போன்ல கம்பெனி போட்ட ஆண்ட்ராய்ட எடுத்துட்டு லினியேஜ் மாதிரி வேற ஒண்ணு போடறத கடைசிக்கு வைங்க, பேங்க் ஆப் பல அதுல திறக்க மாட்டேங்குது. பழைய போன் ஒண்ணு சும்மா கிடந்தா அதுல பழகலாம்.

தனியா செய்ய பயமா இருந்தா ஆள் இருக்காங்க. தமிழ்ல படிக்கணும்னா கணியம் தளத்துல லினக்ஸ் பத்தி வருஷக்கணக்கா எழுதி வச்சிருக்காங்க, சென்னைல ஐலக்சிங்கற லினக்ஸ் பயனர் குழு 1998லேர்ந்து இருக்கு, விழுப்புரத்துல அதே மாதிரி விஜிஎல்யுஜி, தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைன்னு நிறைய பேர் காசு வாங்காம சொல்லித் தராங்க. அங்க போகும்போது லேப்டாப், ஒரு காலி பென்டிரைவ், உங்க ஃபைல் எல்லாம் காப்பி எடுத்த அந்த ஹார்ட் டிஸ்க், மூணையும் எடுத்துட்டு போங்க, காப்பி எடுக்காம போனா முதல்ல வீட்டுக்கு போய் அத முடிச்சுட்டு வாங்கன்னு தான் சொல்வாங்க.