ஜெர்மனிக்கு வருகிறீர்களா? மதம் என்ற கட்டத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

வந்த முதல் மாத வேலைகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீடு குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் அன்மெல்டுங் என்கிற குடியிருப்புப் பதிவு. பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று, ஒரு படிவம், அவ்வளவுதான். சில வாரத்தில் வரி எண் தபாலில் வரும். அதைக் கம்பெனியில் கொடுக்கும்வரை அதிகபட்ச வரி பிடிப்பார்கள், ஆகவே தபால்பெட்டியில் உங்கள் பெயரை முதல் நாளே ஒட்டிவிடுங்கள். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். எங்கள் வீட்டில் டிவியே இல்லை என்று வாதாடிப் பயனில்லை. கட்டிவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பதிவுப் படிவத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி. மதம் என்ற கட்டம்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து ‘கிறிஸ்தவர், ஆர்.சி.’ என்று எழுதி எழுதிக் கை பழகிப்போனது. நம்மூரில் அந்தக் கட்டம் எதற்கு? சாதிச் சான்றிதழுக்கு, கல்லூரி இடத்துக்கு. இங்கே நகர அலுவலகத்தில் இருந்த அம்மா வேகமாகக் கேட்டார், நானும் பெருமையாகக் கத்தோலிக்கன் என்றேன். அவர் ‘ஆர்.கே.’ என்று இரண்டெழுத்தைத் தட்டினார். நம்ம ஆர்.சி.தான், ஜெர்மன் உடுப்பில். அந்த இரண்டெழுத்து அங்கிருந்து வரி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து என் சம்பளச் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

14 மாதம் கழித்து, வருட வரிக்கணக்கு போட உட்கார்ந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கிர்ஷென்ஷ்டொயர், அதாவது தேவாலய வரி. கணக்கு இப்படி: உங்கள் வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டெம்பெர்க்கிலும் 8. சம்பளத்தில் 9 அல்ல, வரியில் 9, அந்த மட்டில் ஆறுதல். எனக்கு மாதம் ஏறக்குறைய 700 யூரோ வரி பிடித்தார்கள், அதன் மேல் 63 யூரோ தேவாலயத்துக்கு. 14 மாதத்துக்கு 882 யூரோ. ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் காசு! இத்தனைக்கும் அந்தப் பதினாலு மாதத்தில் நான் பூசைக்குப் போனது நாலே தடவை; பாட்டுப் பாடத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கோபம் வந்தால் நமக்குக் கண் தெரியாது. வரி நிற்க வேண்டுமானால் தேவாலயத்தை விட்டே வெளியேற வேண்டும். நான் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் அதற்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வேறு சில மாநிலங்களில் பதிவுத்துறை அலுவலகம். நேரம் வாங்கினேன், 30 யூரோ கட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அதைவிட நேரம் பிடிக்கும். பிடித்தமும் நின்றது. வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

என்னைப் போட்டுத் தாக்கியது அதற்கு அடுத்த வருடம். பக்கத்துத் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் வந்த புதிதில் கட்டில் முதல் கரண்டி வரை தந்தவர்கள். அவர்களுக்கு மகள் பிறந்தாள். ‘தம்பி, நீர்தான் ஞானத்தகப்பன், வேறு கதையில்லை’ என்றார் அண்ணன். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவர்தான் ஞானத்தகப்பன். பங்கு அலுவலகத்தில், அதாவது அந்த வட்டாரத் தேவாலய அலுவலகத்தில், நான் சபை உறுப்பினர் என்பதற்குச் சான்று கேட்டார்கள். கொண்டுபோக என்னிடம் ஒன்றுமில்லை. நான் நிறுத்தியது வரியைத்தானே தவிர விசுவாசத்தை அல்ல என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சாமியாரிடம் மன்றாடினேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இங்கே இரண்டும் ஒன்று. 2012இல் ஜெர்மன் ஆயர்கள் ஒரு ஆணை போட்டிருக்கிறார்கள். அரசு முன்னிலையில் வெளியேறியவர் நற்கருணை வாங்கக் கூடாது, ஞானப்பெற்றோர் ஆகக் கூடாது, மனம் திரும்பாமல் செத்தால் தேவாலய அடக்கம்கூட மறுக்கப்படலாம். அன்று அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதைவிடக் கஷ்டமான வேலை இந்த நாட்டில் எனக்கு வாய்க்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ‘அப்பிடியே?’ என்று மட்டும் கேட்டார்.

பிறகு யோசித்தபோது, நமக்கு இது புதிதே இல்லை என்று தோன்றியது. கிராமத்தில் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். கட்டாத வீட்டுக்கு ஊர் மரியாதை கிடையாது. எங்கள் கடற்கரை ஊர்களில் பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு போகும். (சர்ச் என்று நாங்கள் சொல்வதில்லை, எங்களுக்கு அதுவும் கோயில்தான்.) ஊர்ப் பங்குக் கோயிலில் சந்தா பாக்கி என்றால், கல்யாண ஓலைக்கு, அதாவது கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கச் சொல்ல, போகும்போது கணக்குப் புத்தகம் வெளியே வரும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தர்மகர்த்தாவோ உபதேசியாரோ வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்பார். நாம் பேரம் பேசலாம், அடுத்த மாதம் என்று தள்ளலாம், சண்டை போட்டுவிட்டுத் திருவிழா அன்று சேர்ந்துகொள்ளலாம். இங்கே கேட்பது கம்ப்யூட்டர். அதனிடம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1803இல் தேவாலயங்களின் நிலபுலன்களை இங்குள்ள அரசர்கள் எடுத்துக்கொண்டார்கள். வருமானம் போன தேவாலயங்களுக்கு அந்த நூற்றாண்டிலேயே உறுப்பினர்களிடம் வரி வசூலிக்கும் ஏற்பாடு வந்தது. 1919இன் வைமார் அரசியல் சட்டம் அதை உறுதிப்படுத்தியது, 1949இன் அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. அரசு வசூலித்துக் கொடுத்து, அதற்குக் கூலியாகச் சில சதவீதம் எடுத்துக்கொள்கிறது. நம்மூரில் அரசு அறநிலையத்துறை வைத்து இந்துக் கோயில்களை நிர்வகிப்பது இவர்களுக்குப் புரியாது, இது நமக்குப் புரியாது. சரிக்குச் சரி.

சரி, நீங்கள் என்ன செய்வது?

இந்துக்கள், முஸ்லிம்களுக்கு இந்த வரி இல்லை. அந்தக் கட்டம் வரி வசூலிக்கும் சபைகளுக்காக இருப்பது. மதுரைக்காரத் தோழர் ஒருவர் ‘கைனெ’, அதாவது எதுவுமில்லை, என்று குறிக்கக் கைநடுங்கினார், மீனாட்சி கோபித்துக்கொள்வாளாம். கோபிக்க மாட்டாள், குறியுங்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு அவர் தவறாமல் போகிறார், அங்கே யாரும் படிவம் கேட்பதில்லை.

பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் கவனிக்கவும். ‘எவாங்கேலிஷ்’ என்ற சொல் காதுக்கு நம்ம எவாஞ்செலிக்கல் மாதிரி இருக்கும். அது வேறு. இங்கே அது வரி வசூலிக்கும் புராட்டஸ்டன்ட் சபை. சுயாதீன சபைகள் காணிக்கையில் நடக்கின்றன, வரி இல்லை. தரங்கம்பாடி லுத்தரன் வழியில் வந்தவர்களோ, 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இங்கிருந்து அங்கே கொண்டுவந்த சபைக்கு இப்போது வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம் என்று சிரித்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்கர்களே, பொய் எழுதாதீர்கள். தூத்துக்குடியில் வாங்கிய ஞானஸ்நானம் இங்கேயும் செல்லும். பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) என்று பங்குக்குப் போகும்போது பழைய விஷயம் கிளறப்படும். உண்மையை எழுதுங்கள், ஆனால் எழுதும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கட்டுவதென்றால், கட்டிய தொகையை வருட வரிக்கணக்கில் மறக்காமல் காட்டுங்கள், வருமானத்திலிருந்து கழிப்பார்கள். வெளியேறுவதென்றால் வெளியேறியதற்கான சான்றை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வையுங்கள். நர்ஸ் வேலைக்கு வரும் தங்கைகள் இன்னும் யோசிக்க வேண்டும். காரித்தாஸ் போன்ற தேவாலய நிறுவனங்களின் ஆஸ்பத்திரியில் வேலை என்றால், வெளியேறுவது வேலையையே பாதிக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எப்படியானாலும் முதல் சம்பளச் சீட்டில் அந்த இரண்டெழுத்தைத் தேடிப் பாருங்கள். என்னைப் போலப் பதினாலு மாதம் காத்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட்டில் கேவெலாருக்கு வாருங்கள். 1642இலிருந்து நடக்கும் மாதா திருத்தலம். தமிழர் யாத்திரை நாளில் ஆயிரக்கணக்கில் சனம், பட்டுச்சேலை, இந்துக் குடும்பங்களும் மெழுகுதிரியோடு வரிசையில். ஊரில் பனிமய மாதா திருவிழா நடக்கும் அதே மாதம் என்பதால் எனக்கு அங்கே நிற்கவே தொண்டை அடைக்கும். திரும்பச் சேர வழி உண்டு, சாமியாரிடம் பேசினால் போதும் என்கிறார்கள். 63 யூரோ மறுபடி போகும். இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஊர்ப் பங்கில் என் பேருக்கு மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறாள், நான் கல்யாண ஓலைக்கு வரும்போது பாக்கி நிற்கக் கூடாதாம்.