ராத்திரியில் கிளவுட் சர்வரை நிறுத்தி வையுங்கள்

டாலி கணக்கு மென்பொருளுக்காக எடுத்த கிளவுட் சர்வர் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர்) இரவு 8 மணிக்குத் தானாக நின்று, காலை 9 மணிக்குத் தானாகக் கிளம்பும்படி ஷெட்யூல் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு, 6 நாள் திறந்தாலும், இப்படி 66 மணி நேரம்தான் ஓடும்; மணிக்கணக்கு வாடகையில் மீதி எல்லாம் மிச்சம்.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் கொடுத்தால் போதாது, மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போர்ட்டலில் ‘ஸ்டாப்’ கொடுத்து, நிலை ‘டீஅலகேட்டட்’ (சர்வர் விடுவிக்கப்பட்டது) என்று வந்துவிட்டதா பாருங்கள். டிஸ்க் வாடகை எப்படியும் வரும்.

ஒரு வருட ஒப்பந்த விலையில் எடுத்திருந்தால் மிச்சமாகாது. சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் ஓடும் கம்பெனிக்கும், ஆன்லைன் ஆர்டர் வாங்கும் கடைக்கும் இது வேண்டாம். நள்ளிரவில் பேக்கப் ஓடுகிறதென்றால், முதலில் அதை மாலைக்கு மாற்றுங்கள்.