பதினொன்றரை வரை போன் இழுப்பறையில்

மதுரை கீழமாசி வீதிக் கடைகள் சிலவற்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி, அதாவது கடைக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல், வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை 360 ரூபாய் இடித்தது. 5,841 என்று வர வேண்டியதை 5,481 என்று பதிந்திருந்தேன். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நிமிடத்துக்கொரு போன் வந்த அன்று அதுகூட உறைக்கவில்லை. மாலை வரை தேடினேன்.

இப்போது காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை போன் இழுப்பறையில்; அந்த நேரம் எனக்கு. இப்படி நேரம் ஒதுக்கும்போது, உங்களுக்கு எப்போது தோது என்று பார்க்காதீர்கள்; உங்களைக் கூப்பிடுகிறவர்கள் எப்போது மும்முரமாக இருப்பார்கள் என்று பாருங்கள். என்னைக் கூப்பிடும் கடைக்காரர்கள் அந்நேரம் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

'வேலையாக இருக்கிறேன்' என்றால் யாரும் கேட்பதில்லை. "அண்ணாச்சி, பதினொன்றரைக்கு நானே கூப்பிடுகிறேன்" என்றால் விட்டுவிடுவார்கள். சொன்னபடி கூப்பிட வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் 9:31-க்கு மணி அடிக்கும்.

போன் தேவைப்படும் வேலையை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். தாக்கலுக்கான ஓடிபி கடைக்காரர் போனுக்குத்தான் போகும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே தாக்கலெல்லாம் மதியத்துக்கு மேல். காலையில் பில் கட்டுகளும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் மட்டும்.

பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். வீட்டுக்கு கேஸ் பதிய வேண்டும், யாருக்கோ பாக்கி நினைவூட்ட வேண்டும் என்று பில்லுக்கு நடுவேதான் ஞாபகம் வரும். எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

ஆடிட்டர் கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும், அதற்கு வழியில்லை. எழும்முன் பென்சிலால் 'அடுத்தது 214, வரி சரி, தேதி பார்க்கவில்லை' என்று குறித்துவிடுவேன். வெறும் டிக் போட்டால் எதுவரை பார்த்தோம் என்பது தெரியும். எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது தெரியாது. பதினொரு மணி டீயை மட்டும் நான் நிறுத்தவில்லை.

20-ஆம் தேதி இது எதுவும் நடக்காது. அன்று போன் மேசைமேலேயே கிடக்கட்டும்.