எழுத்தால் கிடைத்த நண்பருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி

சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அது நாட்குறிப்போ, நீளமான கடிதங்களோ, நாலு பேருக்கு மட்டும் அனுப்புகிற பக்கங்களோ, எதுவாக இருந்தாலும், அதைப் படித்துப் படித்தே உங்களுக்கு நண்பராகிவிட்ட ஒருவராவது இருப்பார். அவருக்கு நீங்கள் இன்னும் சரியாக நன்றி சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் பத்து வருஷமாகச் சொல்லாமலே இருந்தேன். இந்த வருஷம்தான் ஒருவருக்கு உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவை எழுதியது தப்பாகப் போனது, அதைத் திருத்தி எழுதியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

என்ன தப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பக்கம் எழுதி முடித்து, மறுநாள் காலையில் எடுத்துப் படித்தால், பாதிக்கு மேல் வரிகள் "நான்", "எனக்கு", "என்" என்றுதான் தொடங்கின. நான் எப்படி உடைந்துபோயிருந்தேன், எனக்கு எப்படித் தெம்பு வந்தது, என் வாழ்க்கை எப்படி மாறியது. நன்றிக் கடிதம் என்று பேர், உள்ளே இருந்தது என்னைப் பற்றிய இன்னொரு கட்டுரை. அந்தத் தோழி பத்து வருஷமாக என்னைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு கடிதமாவது அவரைப் பற்றி இருக்க வேண்டாமா? தன்னைப் பற்றி எழுதிப் பழகிய கைக்கு இது சுலபமாக வராது, அதனால்தான் இதற்கென்று ஒரு முறை தேவைப்படுகிறது.

சரி, யாருக்கு எழுதுவது? பழைய கடிதங்களைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் நினைவிலிருந்தே பெயர்களை எழுதுங்கள். அதிகமாகப் பாராட்டியவர்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்களை எழுதி முடித்ததும் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் எழுதாமல் நிறுத்தியபோது "ரெண்டு மாசமா ஒண்ணும் வரலையே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டவர் யார்? நீங்கள் ஒருவரைப் பற்றிக் கோபமாக எழுதியபோது "அவர் பக்கம் இருந்து ஒரு தடவை யோசித்துப் பாருங்களேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னவர் யார்? எப்போதோ சொன்ன சின்ன விஷயத்தை மூன்று வருஷம் கழித்து ஞாபகம் வைத்துக் கேட்டவர்? பாராட்டியவர்களைவிட இவர்களில் ஒருவருக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் தாங்கள் செய்தது ஒரு பெரிய காரியம் என்றே இவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பதே மேல்.

அடுத்தது, எழுதத் தொடங்குவதற்கு முன் தேடுவது. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், எழுதுவதற்கு இல்லை. அவர் உங்களுக்கு அனுப்பியதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மெதுவாகப் படியுங்கள். எந்தச் சமயத்தில் என்ன சொன்னார் என்று அவருடைய வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள், நினைவு எல்லாவற்றையும் "ரொம்ப ஆதரவாக இருந்தார்" என்று ஒரே வரியாக்கிவிடும். நான் தேடியபோது எனக்குக் கிடைத்தது இது: அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி நான் எழுதி அனுப்பியிருந்தேன், படித்த எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இந்தத் தோழி ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "அப்பாவின் கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். நோயாளியாக மட்டுமே கண்ணுக்குள் நின்றிருந்த மனிதர், அந்த நோட்டில் சாய்வான எழுத்தில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார். இது நடந்தது என்று தெரியும், ஆனால் அதைத் தொடங்கி வைத்தது இவருடைய கேள்வி என்பதைப் பழைய கடிதத்தைப் பார்க்கும்வரை நான் மறந்தே போயிருந்தேன்.

இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் போதும். மூன்று கிடைத்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பத்திரமாக வையுங்கள், இன்னொரு வருஷத்துக்கு ஆகும்.

இப்போது எழுதலாம். கிடைத்த அந்தச் சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்ல முடியும். "உங்கள் கேள்வியால் எனக்குப் பெரிய நிம்மதி கிடைத்தது, என்னால் மறுபடியும் எழுத முடிந்தது" என்பது ஒரு விதம். "எல்லோரும் ஆறுதல் சொல்கிற இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். இறந்துபோனவரைப் பற்றிப் பேசினால் இவளுக்கு வலிக்குமோ என்று ஒதுங்காமல், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள விரும்பினீர்கள். அதற்கு அன்பும் வேண்டும், துணிச்சலும் வேண்டும்" என்பது இன்னொரு விதம். இரண்டாவதில்தான் அவர் இருக்கிறார். உளவியலாளர் சாரா அல்கோவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. காதல் ஜோடிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைக் கவனித்து, நன்றி சொல்பவர் தனக்குக் கிடைத்த பலனைச் சொல்கிறாரா, செய்தவரின் குணத்தைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்த்தார்கள். குணத்தை எடுத்துச் சொன்ன நன்றிதான் கேட்டவரின் மனதில் நெருக்கத்தை உண்டாக்கியது. அதற்காக உங்களுக்கு என்ன ஆனது என்பதை அடியோடு விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் புகழ்ச்சியாகிவிடும், இரண்டு வரியில் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பி வந்துவிடுங்கள். எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து "நான்", "எனக்கு" என்று வருகிற இடத்திலெல்லாம் வட்டம் போடுங்கள். வட்டம் அதிகமாக இருந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். எனக்கு மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எழுத்தே நம்மைக் காப்பாற்றியது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம், அதில் உண்மை இருக்கிறது. 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தங்களை உலுக்கிய அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதனால் மனதில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த மாணவர்கள் எழுதியதற்கு யாரும் பதில் எழுதவில்லை, எழுதிய செயலே அந்த வேலையைச் செய்திருக்கிறது. அப்படியென்றால் எழுதியதால் வந்த பலன் ஒரு பக்கம், ஒருவர் அதைப் படித்துப் பதில் போட்டதால் வந்த பலன் வேறொரு பக்கம். கடிதத்தில் இரண்டையும் குழப்பாதீர்கள். "எழுத்து எனக்கு எவ்வளவோ கொடுத்தது, நீங்களும் அதில் ஒருவர்" என்று எழுதினால் அவரை ஒரு கூட்டத்தில் நிறுத்தின மாதிரி ஆகிவிடும். எழுத்தால் வந்திருக்கவே முடியாத, அவரால் மட்டும் வந்த ஒன்றைச் சொல்லுங்கள். மேலே சொன்ன கேள்வி அப்படிப்பட்டது, நானே என்னிடம் அதை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன்.

எழுத்து வழியாக வருகிற நட்பில் ஒரு ஏற்றத்தாழ்வும் உண்டு. உங்கள் வீட்டுச் சண்டை, உங்கள் பயம், உங்கள் உடம்புக்கு வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு எத்தனை பேர் உடன்பிறந்தவர்கள் என்றாவது உங்களுக்குத் தெரியுமா? கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரியவில்லை, மனசு கஷ்டமாகிவிட்டது. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். சாதாரணமாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போகிற கேள்விகள், இருவருமே பதில் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டை அடித்தவர்களைவிட அவர்கள் நெருங்கியிருந்தார்கள். நாம் நம் பங்கை மட்டும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்துவிடுகிறோம். அதனால் கடிதத்தின் கடைசியில் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்பது போதாது. அவர் எப்போதோ போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள், "இதற்குப் பதில் சொல்லத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள்" என்றும் சேர்த்துவிடுங்கள். சிலர் படிப்பதில் மட்டும் சந்தோஷப்படுகிறவர்கள், அவர்களை இழுத்துப் பேச வைக்கக் கூடாது.

"இத்தனை வருஷம் கழித்து இப்படி எழுதினால் வினோதமாக இருக்காதா?" இந்தத் தயக்கம்தான் பலரை நிறுத்திவிடுகிறது. 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் நன்றிக் கடிதம் எழுதியவர்களிடமும், பெற்றவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். பெற்றவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களுக்குச் சங்கடம் இல்லை, நினைத்ததைவிட அதிகமாகவே அவர்கள் மகிழ்ந்திருந்தார்கள். எழுதியவர்கள் வார்த்தை சரியாக அமைந்ததா என்று கவலைப்பட, பெற்றவர்களோ அதிலிருந்த அன்பைத்தான் பார்த்தார்கள். எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம், வரியைச் செதுக்கிச் செதுக்கியே மாதக்கணக்கில் கழித்துவிடுவோம். உவமையெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். "நான்" குறைந்த பிறகு மேலே கைவைக்காமல் அனுப்பிவிடுங்கள். கையால் எழுத வேண்டுமா என்றால், நீங்கள் இருவரும் இதுவரை எப்படி எழுதிக்கொண்டீர்களோ அப்படியே எழுதலாம், மின்னஞ்சலில் வளர்ந்த நட்புக்கு மின்னஞ்சலே பொருத்தம். தொலைபேசியில் மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எழுத்தால் வந்தவர் அவர், திரும்ப எடுத்துப் படிக்கிற மாதிரி ஒன்று அவர் கையில் இருக்கட்டும்.

சில விஷயங்கள் அந்தக் கடிதத்துக்குள் வரவே கூடாது. உதவி கேட்பது ஒன்று. பழைய மனஸ்தாபத்துக்கு விளக்கம் கொடுப்பது இன்னொன்று, அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். அவர் உங்களிடம் தனியாகச் சொன்னதை, நன்றி சொல்கிறேன் என்று பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் எடுத்துப் போடாதீர்கள்.

"சீக்கிரம் நேரில் சந்திப்போம்" என்று முடிப்பதும் பலருக்குப் பழக்கம், நேரில் பார்க்காவிட்டால் அந்த நட்பு அரைகுறை என்ற எண்ணத்தில். சைக்கோவ்ஸ்கி என்ற இசையமைப்பாளரும் நதேழ்தா வான் மெக் என்ற பெண்மணியும் 1876 முதல் 1890 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள், நேரில் பேசிக்கொள்வதில்லை என்பது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இருக்கிறார்களே. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் வடக்கிருக்க உட்கார்ந்த சோழன், அவர் வருவார், அவருக்கும் இடம் வையுங்கள் என்று சொன்னான், அவரும் வந்தார். அதனால் சந்திக்க ஆசை இருந்தால் சொல்லுங்கள், நட்புக்கு அடுத்த படி அதுதான் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை என்றால்? அவர் குடும்பத்தாருக்கு எழுதலாம். அவருக்கு இப்படி ஒரு நட்பு இருந்ததே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் நீங்கள் யார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவர் உங்களுக்குச் செய்த ஒன்றை எழுதுங்கள். அவர் குடும்பத்தைப் பற்றி உங்களிடம் சொன்னது எதையும் எழுதாதீர்கள், அவர் எத்தனை அன்பாகச் சொல்லியிருந்தாலும்.

அனுப்பிய பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. "கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள், பதில் வராமலும் போகலாம், அதற்காக அந்தக் கடிதம் வீண் என்று ஆகாது. எனக்குப் பதினோரு நாள் எந்தச் சத்தமும் இல்லை. நான் கடைசியில் கேட்டிருந்தது, அவர் முன்பு ஒரு தடவை பெயரை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்த அண்ணனைப் பற்றி. பன்னிரண்டாம் நாள் மூன்று பக்கம் வந்தது. நன்றியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, முழுக்க அந்த அண்ணன்தான். தன்னைப் பற்றி அவர் இவ்வளவு நீளமாக எழுதியது இதுதான் முதல் தடவை. அதில் இருப்பது அவருடையது, அவரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இரண்டாம் பக்கத்தில் ஒரு சைக்கிள் வருகிறது, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று ராத்திரி அவருக்குப் பதில் எழுத உட்காரப் போகிறேன், அந்தச் சைக்கிள் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு.