டோபமைன் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவதை முதலில் விட வேண்டும். 1990களில் மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளே இதற்குப் பதில் சொல்லிவிடுகின்றன. விளக்கு எரியும், சற்று நேரத்தில் குரங்கின் வாயில் பழச்சாறு விழும். ஆரம்பத்தில் சாறு விழும்போதுதான் டோபமைன் நியூரான்கள் (டோபமைனை வெளியிடும் நரம்பணுக்கள்) துடித்தன. குரங்கு பழகிய பிறகு துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் நியூரான்கள் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. சாற்றின் சுவை என்னவோ அதேதான். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமைன் காட்டுகிறது. 1997இல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு மூவரும் இதை ஒரு கற்றல் கோட்பாடாகவே முன்வைத்தார்கள்.

மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் குழு எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தது. அவை தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரை நீர் பட்டதும் மற்ற எலிகளைப் போலவே நக்கி ரசித்தன. ரசிப்பது வேறு, தேடிப் போவது வேறு.

சரி, அப்படியென்றால் கற்றல் எல்லாமே டோபமைன்தான் என்று சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இந்த இடத்தில்தான் வருகிறது. 2011இல் ஷெல்லி ஃப்ளேகலும் உடன் பணியாற்றியவர்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. கூண்டுக்குள் ஒரு நெம்புகோல் நீளும், சில விநாடியில் உள்ளே போகும், உடனே தீனி விழும். நெம்புகோலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் தீனி உண்டு. ஆனாலும் சில எலிகள் ஓடிப்போய் நெம்புகோலையே கடித்துக் குதறும். வேறு சில, அதைப் பார்த்ததும் தீனி விழும் இடத்தில் போய் நிற்கும். அடுத்து தீனி வரும் என்பது இரண்டு வகைக்கும் தெரியும். ஆனால் டோபமைன் துடிப்பு தீனியிலிருந்து நெம்புகோலுக்கு மாறியது முதல் வகையில் மட்டுமே. டோபமைனைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது முதல் வகை எலிகள் கற்கவில்லை. இரண்டாம் வகை கற்றுக்கொண்டன. நெம்புகோல் போன்ற அறிகுறி ஒன்றைப் புரிந்துகொள்வதும் அந்த அறிகுறியே நம்மை இழுப்பதும் தனித்தனி. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவரைப் பழைய கடைத்தெரு உலுக்குவதை ‘மன உறுதி இல்லை’ என்று ஒதுக்குபவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

போன் போன்ற தூண்டல்களைச் சில காலம் தள்ளி வைப்பதை ‘டோபமைன் விரதம்’ என்பதும் தவறான பெயர். கை கால் அசையவே டோபமைன் வேண்டும், விரதத்தால் அது தீர்ந்துபோகாது. போனைத் தள்ளி வைப்பதில் பலன் இருந்தால், கண்ணில் படும் அறிகுறிகள் குறைவதே காரணமாக இருக்கலாம்.

டோபமைன் கூடினால் நல்லது என்ற எண்ணம்தான் ஆபத்தானது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும், டோபமைனைப் போலவே மூளையில் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளால் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையும் பொருள் வாங்கும் வெறியும் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்கவிளைவு. வீட்டில் யாரிடமாவது அப்படி மாற்றம் தெரிந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.